தீர்ப்பகத்துத் தரை

கோயமுத்தூரில் ஒருவரைப் புகழ்வது லேசுப்பட்ட காரியமில்லை. புகழ விடமாட்டார்கள். நூறு தறி ஓட்டுகிறவரிடம் போய் "பெரிய ஆளுங்க நீங்க" என்று சொல்லிப் பாருங்கள். "அட, இதுல என்னங்க இருக்குது" என்பார். ஒன்றுமில்லாமல் வந்து மூன்று மாடி கட்டியவரைக் கேளுங்கள். "நானென்னங்க செஞ்சேன், எல்லாம் ஆண்டவன் செயல்" என்று கையை மேலே காட்டுவார். உள்ளுக்குள் தித்தித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் வாயால் ஒப்புக்கொண்டால் மரியாதை கெட்டுவிடும். இந்தப் பழக்கத்தால் யாருக்கும் ஒரு கெடுதல் வந்ததாகக் கேள்வியில்லை, கரும்புக்கடைத் தெருவில் குடியிருக்கிற யாகூப் அதை ஓர் அரசாங்க அலுவலகத்துக்குள் எடுத்துக்கொண்டு போகிறவரைக்கும்.

யாகூபுக்கு உக்கடத்தில் தரைவிரிப்புக் கடை. குறிச்சிப் பக்கம் ஒரு ஷெட்டில் பிரஸ் மெஷின் ஒன்றும் ஓடியது. அதில் அவருக்குக் கூட்டாளி காரமடைக்காரர் பாலுசாமி. பிளாஸ்டிக் ஷீட், பூப்போட்ட காகிதம், அடியில் கெட்டியான அட்டை மூன்றையும் அடுக்கிச் சூட்டோடு அழுத்தினால் லேமினேட் விரிப்பு. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். எல்லாருடைய விரிப்பும் சித்திரை மாத வெயிலில் ஓரம் சுருண்டு அப்பளமாகிறது. யாகூபுக்கு அது பொறுக்கவில்லை. பல வருஷம் எதையெதையோ செய்து பார்த்தார். தோற்றுப்போன விரிப்பெல்லாம் அவர் வீட்டுச் சமையலறையில் வந்து விழுந்தது. சுருண்ட ஓரத்தில் அவர் மனைவி சித்திகா கால் இடறாத நாளில்லை.

கடைசியில் யாகூப் இரண்டு காரியம் செய்தார். அடுக்குகளுக்கு நடுவில் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியை ஓர் அடுக்காக வைத்தார். அழுத்தியதும் பிரஸ்ஸைத் தூக்காமல், சூடு தானாக ஆறுகிறவரை அப்படியே விட்டார். அந்தச் சித்திரையில் ஓரம் சுருளவில்லை. அடுத்த சித்திரையிலும் சுருளவில்லை. சித்திகா நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள்.

"பாய், இதுக்கு ஒரு காப்புரிமை வாங்கிப்போடோணும்" என்றார் பாலுசாமி. "இல்லீன்னா நாளைக்கு எவனாச்சும் வந்து இது என்ற சொத்துன்னு சொல்லிப்போடுவானுங்க."

அப்படித்தான் இருவரும் அவினாசி ரோட்டில் இருக்கிற புதுமைத் தீர்ப்பகத்துக்குப் போனார்கள். ஒரு காரியம் புதிதா பழையதா என்று சொல்வது அந்த அலுவலகத்தின் வேலை. அந்தக் கட்டடத்தில் மின்விசிறி உட்பட எதுவும் புதிதில்லை. விண்ணப்பத்தோடு ஒரு பிரமாணப் பத்திரமும் கேட்டார்கள். வாசலில் உட்கார்ந்து எழுதித் தருகிறவர், 'இம்முறை இந்நிலவுலகில் எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதன்று' என்று எழுதி நீட்டினார். யாகூபுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "நிலவுலகெல்லாம் எதுக்குங்க, கோயமுத்தூர்னு போட்டுக்கலாமே" என்றார். கோயமுத்தூருக்குப் படிவத்தில் இடமில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

விசாரணை அதிகாரி நஞ்சுண்டன் நல்ல மனிதர். எதையும் பொறுமையாக விளக்குவார். அதுதான் அவரிடம் இருந்த கஷ்டம்.

"இங்கே தீர்ப்புச் சொல்வது நானில்லை. தேர்ந்த சாமானியர்" என்று ஆரம்பித்தார். "தரைவிரிப்பைப் பற்றி உலகத்தில் எந்த மொழியில் என்ன எழுதியிருந்தாலும் அவர் படித்திருப்பார். ஆனால் சொந்தமாக அவருக்கு ஒரு யோசனையும் தோன்றாது. அப்பேர்ப்பட்டவருக்கே உங்கள் முறை தோன்றிவிடும் என்றால் அதில் புதுமையில்லை."

"அவரு வந்திருக்காருங்களா?" என்று யாகூப் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்படி ஒருவர் கிடையாது. மனசில் வைத்துக்கொள்வோம்."

"என்ற மச்சான் ஒருத்தன் இருக்கானுங்க" என்றார் பாலுசாமி. "யோசனையே தோணாதுங்க. ஆனா படிக்கலீங்க."

பாதிப் பொருத்தம் போதாது என்று நஞ்சுண்டன் வருத்தத்தோடு சொல்லிவிட்டு, சான்றுகளை எடுத்து வைத்தார். முதல் சான்று, பெல்ஜியத்தில் யாரோ எப்போதோ கம்பளம் ஒட்டிய முறை. இரண்டாவது சான்று, இட்லி.

"துணி விரித்துத்தானே இட்லி ஊற்றுகிறோம்? சூடு ஆறியபின் எடுத்தால்தானே பிய்யாமல் வருகிறது? ஆக, துணியும் இருக்கிறது, ஆறவிடுவதும் இருக்கிறது. பெல்ஜியத்தில் கம்பளம் இருக்கிறது. இட்லியையும் பெல்ஜியத்தையும் சேர்த்துப் பார்க்கிற தேர்ந்த சாமானியருக்கு உங்கள் முறை தானாகவே தோன்றிவிடும்."

"அவருக்கு ஒண்ணுமே தோணாதுன்னு சொன்னீங்களே?"

"தோன்றாது. நீங்கள் கண்டுபிடித்த பிறகு தோன்றும்."

அந்த அலுவலகத்தில் அதற்குப் பதில் சொன்னவர் யாருமில்லை. ஆனாலும் நஞ்சுண்டனுக்கு மனசு கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த மாதிரித் துண்டைக் கையில் எடுத்தார், வளைத்தார், ஓரத்தைத் தடவினார். அவர் முகம் இளகியது.

"என்னதான் சொன்னாலும் அருமையாக இருக்கிறது ஐயா. மூளைக்காரர் நீங்கள். எப்படித் தோன்றியது இது?"

யாகூப் ஒரு புகழ்ச்சிக்கு என்ன பதில் சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னார்.

"அட, இதுல என்னங்க இருக்குது. யாரு வேணாலும் செய்யலாமுங்க."

தட்டச்சர் இனியாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு தட்டின. 'யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விண்ணப்பதாரரே ஒப்புக்கொள்வதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' பஸ்ஸில் உக்கடம் வந்து இறங்கும்போது பாலுசாமி, "உங்க மரியாதைய ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்திருக்கலாமுங்க பாய்" என்றார்.

காப்புரிமை இல்லாவிட்டால் போகிறது, பிரஸ் ஓடியது. விரிப்புக்குப் பேர் பரவியது. வருஷங்கள் போயின. பிறகு மகுடம் ஃப்ளோரிங்ஸ் என்ற பெரிய கம்பெனி அதே தீர்ப்பகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டது. 'பல்லடுக்கு நெகிழ்பரப்புகளில் மறுசுழற்சி இழை இடைமுகத்துடன் கூடிய நீடித்த அழுத்த வெப்பத் தணிப்பு' என்று தலைப்பு. பனியன் வேஸ்ட்டை நடுவில் வைத்து, ஆறுகிறவரை தூக்காமல் விடுவது என்று அர்த்தம். தலைப்பைப் படித்து முடிப்பதற்குள்ளேயே அதில் புதுமை இருப்பது தீர்ப்பகத்துக்குப் புரிந்துவிட்டது. காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் யாகூபுக்கு நோட்டீஸ் வந்தது. எங்கள் முறையைத் திருடி விரிப்பு செய்கிறீர், உடனே பிரஸ்ஸை நிறுத்தும் என்று இருந்தது.

அப்போது ஷெட்டில் கொடுமுடிக் கல்யாண மண்டபத்துக்கான விரிப்பு பாதி முடிந்திருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் தரை போட்டாக வேண்டும். பிரஸ் நின்றால் மண்டபமும் போச்சு, அதை நம்பி இருக்கிற ஆட்களின் பிழைப்பும் போச்சு. ஆனால் யாகூபை அறுத்தது அதுகூட இல்லை. பெற்ற பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவனை, பிள்ளை திருடுகிறான் என்று தெருவில் மடக்கினால் எப்படி இருக்கும்? அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டார்கள். வழி சுலபமாகத்தான் தெரிந்தது. மகுடத்துக்கு முன்பே இதை நான்தான் செய்தேன் என்று யாகூப் சொன்னால் போதும். சொல்ல வேண்டியவர் யாகூப் என்பதுதான் சிக்கல்.

விசாரணைக்கு முந்தின நாள் சித்திகா அவரைச் சமையலறையில் நிறுத்தினாள். பாலுசாமி வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏனுங்க, அங்க யாராச்சும் நல்லா இருக்குதுன்னு சொன்னா, 'ஆமா, நான்தான் செஞ்சேன்'னு சொல்லோணும். எங்கே சொல்லுங்க பாக்கலாம். உங்க விரிப்பு அருமைங்க!"

"அட, அதுல என்ன..."

"ஏனுங்க!"

"வாய் வரமாட்டேங்குது சித்திகா. நானே என்னைச் சொல்லிக்கிறது அசிங்கமா இருக்குது."

"பிரஸ்ஸு நின்னா அசிங்கமா இருக்காதுங்களா?"

வெகுநேரம் போராடிய பிறகு வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் மட்டும் வந்தது. வந்தவரைக்கும் லாபம் என்று பாலுசாமி சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணையில் மகுடத்தின் வக்கீல் ஹர்ஷிணி எழுந்ததும் யாகூபின் பழைய பிரமாணப் பத்திரத்தைத்தான் படித்தார். "இம்முறை இந்நிலவுலகில் எவருக்கும் எளிதில் தோன்றாது என்று மனுதாரரே சத்தியம் செய்திருக்கிறார். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்."

"அதைத்தானுங்க நீங்க எல்லாருக்கும் தோணும்னு தள்ளிப்போட்டீங்க?" என்று யாகூப் நஞ்சுண்டனைப் பார்த்தார். "இட்லின்னு சொன்னீங்களே?"

நஞ்சுண்டன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். விளக்கப் போகிறார் என்று அர்த்தம்.

"தள்ளினேன். அது உங்கள் கோப்பில். இது இவர்கள் கோப்பு. ஒரு கோப்பில் இருக்கும் கருத்தை இன்னொரு கோப்புக்கு எடுத்துக்கொண்டு போகிற வழக்கம் இங்கே இல்லை, கருத்து தொலைந்துவிடும். அதோடு, நீங்கள் தனியாளாகக் கண்டுபிடித்தீர்கள். ஓர் ஆளுக்கே தோன்றிவிட்டதென்றால் அது எவ்வளவு சுலபமாக இருந்திருக்க வேண்டும்! மகுடத்தில் ஒரு குழுவே உட்கார்ந்து, வெளிநாட்டில் படித்த டாக்டர்களெல்லாம் சேர்ந்து, குளிர்சாதன அறையில் மூன்று வருஷம் யோசித்திருக்கிறார்கள். அத்தனை படித்தவர்களுக்கு அத்தனை நாள் தோன்றாத ஒன்று, சொந்த யோசனையே இல்லாத தேர்ந்த சாமானியருக்கு எப்படித் தோன்றும்?"

"எனக்குத் தோணுச்சுங்களே?"

"அதனால்தான் உங்களுடையதைத் தள்ளினோம்."

யாகூப் தலையைக் குனிந்துகொண்டார். அவமானத்தில் குனிந்த தலை அது. ஆனால் குனிந்ததால் ஒரு நன்மை விளைந்தது. காலுக்கடியில் இருந்த தரை கண்ணில் பட்டது. சந்தன நிறம், ஓரத்தில் மாங்காய் பார்டர். அவர் பாலுசாமியின் தொடையைக் கிள்ளினார்.

"பாலுண்ணா, இது நம்ம விரிப்புங்க."

பாலுசாமி குனிந்து ஓரத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார். சந்தேகமேயில்லை. யாகூபின் விண்ணப்பத்தைத் தள்ளிய அடுத்த வருஷம் தீர்ப்பகத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். காண்ட்ராக்டர், சுருளாத விரிப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்து உக்கடத்தில் வாங்கிப் போட்டிருக்கிறார். மகுடம் விண்ணப்பம் போடுவதற்கு வெகுகாலம் முன்பே.

"சார், அவிய கண்டுபிடிக்கறதுக்கு முன்னாலயே நீங்க எல்லாரும் அதும்மேலதானுங்க நடந்துட்டிருக்கீங்க!" என்று பாலுசாமி எழுந்து நின்று சொன்னார்.

அறையில் எல்லோரும் கீழே பார்த்தார்கள். அந்த அலுவலகத்தில் எல்லோரும் ஒன்றாக ஒரு பொருளைப் பார்த்தது அன்றுதான்.

நஞ்சுண்டன் சமாளித்துக்கொண்டார். "நடந்தோம் என்பது உண்மை. ஆனால் தேர்ந்த சாமானியர் படிப்பார் என்றுதான் விதியில் இருக்கிறது. நடப்பார் என்று எங்கேயும் இல்லை. அவருக்குக் கால் உண்டா என்பதே தீர்மானிக்கப்படாத விஷயம்."

ஹர்ஷிணி கெட்டிக்காரி. ஆனால் வேகக்காரி. "இது எங்கள் முறையில் செய்த தரை என்றால், அனுமதியில்லாமல் இதன்மேல் நிற்பவர்கள் அத்தனை பேரும் என் கட்சிக்காரரின் உரிமையை மீறுகிறார்கள். மீறிக்கொண்டே அந்த உரிமையை எப்படி விசாரிக்க முடியும்?" என்றார்.

சட்டப்படி அது சரியாக இருந்தது. நஞ்சுண்டன் முதலில் காலைத் தூக்கி நாற்காலிமேல் சம்மணம் போட்டுக்கொண்டார். இனியா தட்டச்சு மேஜையின் குறுக்குக் கட்டையில் பாதத்தை வைத்துக்கொண்டாள். ஹர்ஷிணி தன் வழக்குக் கட்டின்மேலேயே ஏறி நின்று வாதாடினார். டீ கொண்டுவந்தவர் செய்தித்தாளைப் போட்டுப் போட்டு மிதித்து வந்தார். யாகூபும் பாலுசாமியும் மட்டும் தரையில் கால் வைத்து நின்றார்கள். அவர்கள்மேல் ஏற்கெனவே வழக்கு இருந்தது.

தரையைப் பெயர்ப்பதென்று முடிவாயிற்று. விற்றவரே பெயர்க்க வேண்டும் என்றார் நஞ்சுண்டன். யாகூப் மூலையில் உட்கார்ந்து உளியை வைத்து நெம்பினார். வரவில்லை. பாலுசாமி சேர்ந்து இழுத்தார். காவலாளி வந்தார். ஹர்ஷிணியின் டிரைவரை வரவழைத்தார்கள். சிமெண்ட் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. விரிப்பு வரவில்லை, ஓரம்கூட மடங்கவில்லை. நான்கு ஆண்பிள்ளைகளும் வேர்த்துப்போய் எழுந்து நின்றுவிட்டார்கள்.

நஞ்சுண்டனால் பொறுக்க முடியவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, உரிமை மீறல் எல்லாம் மறந்து, தரையில் முழங்காலிட்டார். உள்ளங்கையால் தடவினார். காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். உத்தியோகத்துக்கு வந்த காலத்திலிருந்து ஆயிரம் விண்ணப்பங்களில் தேடி, இல்லையென்று தள்ளிய புதுமையை அவர் அப்போதுதான் கண்ணால் பார்க்கிறார் போலிருந்தது.

"ஐயா, என் சர்வீஸில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆச்சரியமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள், இதைச் செய்தது யார்? நீங்கள்தானே?"

இனியா விரல்களைத் தயாராக வைத்தாள். ஹர்ஷிணியின் முகம் வெளுத்தது. பாலுசாமி வாய்க்குள்ளேயே "ஆமா, ஆமா" என்று முனகினார். ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மகுடத்தின் காப்புரிமை அங்கேயே செத்தது. யாகூப் கண்ணை மூடப் பார்த்தார். முடியவில்லை. தலை நரைத்த பெரிய மனுஷர், அதிகாரி, தன் காலடியில் மண்டியிட்டு அண்ணாந்து பார்த்துக் கேட்கிறார். அவர் முகத்துக்கு நேரே "ஆமா, நான்தான்" என்று சொல்ல எந்தக் கோயமுத்தூர்க்காரனுக்கு நாக்கு எழும்?

"அய்யோ, எந்திரிங்க சார், நீங்க போயி... நானென்னங்க செஞ்சேன். எல்லாம் ஆண்டவன் செயலுங்க."

தட்டச்சு ஓடியது. பாலுசாமி சுவரில் போய் நெற்றியை முட்டிக்கொண்டார்.

ஹர்ஷிணி கட்டின்மேல் நின்றபடியே துள்ளினார். "பதிவு செய்யுங்கள்! தரையைத் தான் செய்யவில்லை என்று மனுதாரர் ஒப்புக்கொண்டார். மனுவைத் தள்ளி, பிரஸ்ஸை மூட உத்தரவிட வேண்டும்."

நஞ்சுண்டன் முழங்காலைத் தட்டிவிட்டு மெல்ல நாற்காலிக்குப் போனார். மகுடத்தின் காப்புரிமை செல்லும் என்றால் தீர்ப்பகத்தின் தரையைப் பெயர்க்க வேண்டும், அது பெயராது. செல்லாது என்றால் தீர்ப்பகம் தவறு செய்தது என்று எழுத வேண்டும். அதற்குப் படிவம் கிடையாது. அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது. இனியாவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"தரையைத் தாம் செய்யவில்லை என்றும், ஆண்டவன் என்பவர் செய்தார் என்றும் மனுதாரர் வாக்குமூலம் அளித்துள்ளார். ஆகவே மகுடத்துக்கு முன்பே இம்முறையைக் கையாண்டவர் மேற்படி ஆண்டவன் எனத் தெரியவருகிறது. அவரை விசாரிக்காமல் இவ்வழக்கை முடிக்க இயலாது. அவருக்கு அழைப்பாணை அனுப்பப்படும். அவர் நேரில் ஆஜராகிறவரை எல்லாம் இப்போது உள்ளபடியே இருக்கலாம். பிரஸ் ஓடலாம். தரை கிடக்கலாம்."

"ஆண்டவன் எப்படி ஆஜராவார்? அப்படி ஓர் ஆளே கிடையாது!" என்று ஹர்ஷிணி கத்தினார்.

"தேர்ந்த சாமானியரும்தான் கிடையாது" என்றார் நஞ்சுண்டன் அமைதியாக. "அவரை வைத்துக்கொண்டு நாங்கள் இத்தனை வருஷம் தீர்ப்புச் சொல்லவில்லையா?"

பிறகு யாகூபிடம் திரும்பி, ஓர் எச்சரிக்கையும் சொன்னார். வாக்குமூலம் வாக்குமூலம்தான். இனிமேல் எங்கேயாவது, யாரிடமாவது, நான்தான் செய்தேன் என்று அவர் சொன்னதாகத் தெரிந்தால் பொய்ச்சாட்சி ஆகிவிடும், பிரஸ் ஓடலாம் என்ற உத்தரவு அன்றே ரத்தாகிவிடும், பிரஸ் மூடப்படும். ஹர்ஷிணி அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்.

ஆண்டவனுக்கு அனுப்பிய அழைப்பாணை, முகவரி போதாது என்று திரும்பி வந்தது. வாய்தா போட்டார்கள். பிரஸ் ஓடியது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின வாரமே கொடுமுடி மண்டபத்தில் தரை போட்டு முடிந்தது. முகூர்த்தத்தன்று மண்டபத்துச் சொந்தக்காரி பொன்னாத்தாள் யாகூபையும் சித்திகாவையும் பாலுசாமியையும் முன்வரிசையில் உட்காரவைத்தார். காவிரியில் குளித்துவிட்டு ஈரக் காலோடு ஜனங்கள் வந்து மிதித்தார்கள். தரை அசையவில்லை.

"ஏனுங்க பாய்" என்று பொன்னாத்தாள் நாலு பேர் கேட்கச் சத்தமாகக் கேட்டார், "இத்தனை அழகா இதை யாருங்க செஞ்சது?"

யாகூப் வாயைத் திறந்தார். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. வார்த்தை நுனிநாக்கில் வந்து நின்றது. கண்ணை மூடவும் வேண்டியிருக்கவில்லை. ஆமா, நான்தான். வாழ்நாளில் முதல்முறையாக அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. நெஞ்சு வலிக்கிற அளவுக்கு ஆசை. பாலுசாமியின் கை அவர் தொடையை இறுக்கிப் பிடித்தது. மூன்றாவது வரிசையில், கல்யாணத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் செல்போனை இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் ஆண்டவன் செயலுங்க அம்மணி" என்றார் யாகூப்.

"பாத்தீங்களா, எத்தனை பணிவு!" என்று பொன்னாத்தாள் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். இத்தனை காலம் யாகூப் அதை மரியாதைக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இனிமேல் சட்டப்படி சொல்ல வேண்டும்.

வீடு வந்து சேர்ந்ததும் அவர் நேராகச் சமையலறைக்குப் போய், மூலையில் எஞ்சியிருந்த பழைய சுருண்ட விரிப்பின் மேல் நின்றார். சித்திகா பின்னாலேயே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க விரிப்பு அருமைங்க" என்றாள்.

"ஆமா" என்றார் யாகூப், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு. "நான்தான் செஞ்சேன்."

சித்திகா எட்டி ஜன்னலைச் சாத்தினாள்.

"மெல்லங்க" என்றாள். "வெளிய கேட்டுறப் போகுது."